புதுசா ரேம் போட்டதுக்கு எதுக்குய்யா ஃபார்மேட்?

நேற்று வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பொட்டி. இன்று மதியம் புதிதாக ஒரு ரேம் வாங்கி மாட்டியாயிற்று. சாயந்திரம் நீலத்திரை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கேபினட்டைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் சொல்வது: "விண்டோஸ் அடிவாங்கிருக்கு தம்பி. ஃபார்மேட் போட்டுடலாம்."

தம்பியும் தலையாட்டுவான். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோ, அப்பாவின் வருமான வரிக் கணக்கு எல்லாம் காலி. பொட்டி ரெண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் மறுபடி நீலத்திரை, மறுபடி கடை. "வைரஸா இருக்கும் தம்பி... இன்னொரு வாட்டி போட்டுப் பார்க்கலாமா?"

இந்தக் கூத்து எப்போதுதான் நிற்கும்?

புதுச் செருப்பு போட்ட அன்றைக்குக் கால் கடித்தால், செருப்பைக் கழற்றிப் பார்ப்பார்களா, காலுக்கு ஆபரேஷன் செய்வார்களா? நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் அந்தப் பொட்டியில் மாறியது ஒன்றே ஒன்று. சந்தேகப்பட வேண்டிய ஆசாமி கையும் களவுமாக ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவனை விட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாத ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கில் போடுவதற்குப் பெயர் ரிப்பேரா?

முதல் வேலை மிகச் சுலபம். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, புது ரேமைக் கழற்றி, பழைய ரேம் மட்டும் வைத்து ஓட்டிப் பார்ப்பது. ஐந்து நிமிஷ வேலை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஒரு கோப்பும் அழியாது. நீலத்திரை போய்விட்டால் விண்டோஸுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். கோளாறு புது ரேமில், அல்லது அது உட்கார்ந்த ஸ்லாட்டில், அல்லது பழசுக்கும் புதுசுக்கும் ஒத்துப்போகாததில்.

இதில் புது ரேமே கெட்டுப்போயிருப்பது ஒரு காரணம்தான். மற்ற காரணங்கள் இன்னும் சின்னவை. ஸ்லாட்டில் முழுதாக இறங்காமல் பாதியில் நிற்பது ஒன்று. ஓரத்துக் கொக்கி 'டிக்' என்று விழும் வரை அழுத்த வேண்டும். போர்டு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வகை மாறி வாங்கி வருவது இன்னொன்று. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 கால். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 கால். எண்ணிக்கை ஒன்று, ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில். உள்ளே போகவில்லை என்றால் அது 'போகாதே' என்று சொல்கிறது. அங்கே போய் பலத்தைக் காட்டக் கூடாது.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதானால், பெரும்பாலும் ப்ராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரி. போர்டோடு வரும் புத்தகத்தில் படம் போட்டே இருக்கும். அந்தப் புத்தகமோ பிரிக்கப்படாமல் பரணில் இருக்கும்!

அடுத்தது வேகம். டிடிஆர்4 ரேம் பெட்டியில் 3600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த வகைக்கான பொதுத் தரம் 3200-உடன் முடிகிறது. அதற்கு மேல் எல்லாம் முறுக்கிவிட்ட வேகம். பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்தால்தான் வரும், எல்லா போர்டும் தாங்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. பழைய ஸ்டிக் ஒன்று, புது ஸ்டிக் ஒன்று என்று கலந்து போட்டுவிட்டு எக்ஸ்எம்பி-யையும் ஆன் செய்தால், நீலத்திரை வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதை ஆஃப் செய்துவிட்டுப் பார்த்தாலே பல பொட்டிகள் சமர்த்தாகிவிடும்.

டிடிஆர்5 வந்தபிறகு இன்னொரு காமெடி சேர்ந்திருக்கிறது. புது ரேம் போட்டதும் முதல் முறை ஆன் செய்யும்போது, போர்டு அந்த ரேமோடு பேசிப் பழகி நேரம் எல்லாம் சரிபார்த்துக்கொள்ளும். சில பொட்டிகளில் இதற்குப் பல நிமிஷங்கள்கூட ஆகும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். பொறுமை இல்லாமல் ஸ்விட்சை அணைத்துவிட்டு "போர்டு போச்சு" என்று தலையில் கை வைப்பவர்கள் எத்தனை பேர்!

இவ்வளவும் பார்த்தபிறகும் தொல்லை தொடர்ந்தால், சோதிப்பதற்கென்றே கருவி இருக்கிறது, அதுவும் இலவசமாக. மெம்டெஸ்ட்86 என்ற நிரலை கிறிஸ் பிரேடி 1994-லேயே எழுதிவிட்டார். அதிலிருந்து கிளைத்த மெம்டெஸ்ட்86+ 2004-ல் வந்தது. பென் டிரைவில் ஏற்றி, ராத்திரி தூங்கப் போகும்போது ஓட விட்டால் காலையில் பதில் ரெடி. பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றி ஓட்ட வேண்டும். ஸ்டிக் போகும் இடமெல்லாம் பிழையும் கூடவே போனால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட்டைச் சந்தேகிக்கலாம். "ஒன்னு ரெண்டு எரர்தானே, பரவாயில்ல" என்ற பேச்சே கூடாது. பழைய கணக்குப்படி அது பொய் சொல்லும் கணக்குப்பிள்ளை. வாரண்டியில் மாற்ற வேண்டியதுதான்.

இங்கேதான் ஃபார்மேட் வைத்தியத்தின் உண்மையான ஆபத்து இருக்கிறது. டிஸ்க்குக்குப் போவதும் வருவதும் ரேம் வழியாகத்தான். கெட்ட ரேமை உள்ளே வைத்துக்கொண்டு விண்டோஸ் ஏற்றினால், ஏறும் கோப்புகளே பழுதாக ஏறலாம். அதைவிடக் கொடுமை, "ஃபார்மேட்டுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துட்டேன்" என்ற நிம்மதி. அந்த பேக்கப்பும் அதே ரேம் வழியாகத்தானே போனது? ஆறு மாதம் கழித்து அக்கா கல்யாண போட்டோவைத் திறந்தால் பாதி முகத்துக்குக் கீழே சாம்பல் நிறக் கோடு. ஆக, முதலில் புது ரேமைக் கழற்ற வேண்டும். அப்புறம்தான் பேக்கப். ஃபார்மேட் கடைசியிலும் கடைசி.

அப்படியானால் ஃபார்மேட் போட்டதும் ரெண்டு நாள் எப்படி ஓடுகிறது? புது விண்டோஸுக்கு வேலை கம்மி, கெட்ட இடத்தைத் தொட நேரமாகிறது. சில சமயம் கேபினட்டைத் திறந்த கையோடு ரேமையும் ஒரு அழுத்து அழுத்தியிருப்பார்கள், சரியானது அதனால்தான். பெயர் மட்டும் ஃபார்மேட்டுக்கு!

2022 அக்டோபரில் லினக்ஸ் கர்னல் 6.1 பதிப்புக்கான வேலை நடந்தபோது, லினஸ் டோர்வால்ட்ஸின் சொந்த டெஸ்க்டாப்பே சொதப்பியது. புதிதாகச் சேர்ந்த நிரல்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவர் பழைய கர்னலைப் போட்டுப் பார்த்தார். பிறகு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓட விட்டார். இரண்டரை வருஷம் ஒழுங்காக இருந்த ஒரு ஸ்டிக் கெட்டுப்போயிருந்தது. 2009-ல் கூகுள் சர்வர்களை வைத்து பியான்கா ஷ்ரோடரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கும் மேலான ஸ்டிக்குகளில் பிழை வந்திருந்தது. அந்த சர்வர்களில் பிழையைக் கண்டுபிடிக்கும் ஈசிசி ரேம் இருந்ததால் கணக்காவது தெரிந்தது. வீட்டுப் பொட்டிகளில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. கோளாறு சத்தம் போடாமலே வேலை செய்யும்.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒரு பொட்டிக்காக ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினால் அவருக்கு மேஜையும் போச்சு, மானிட்டரும் போச்சு. காலையில் "ரேமைக் கழற்றி மாட்டினேன், சரியாயிடுச்சு" என்று சொல்லிக் காசு கேட்டால், "கழட்டி மாட்டினதுக்கா இவ்வளவு?" என்று சண்டைக்கு வருவது யார்? அதே ஆள் ஃபார்மேட் என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார். கண்ணுக்குத் தெரியும் வேலைக்குத்தான் காசு, கண்டுபிடித்ததற்குக் காசு கிடையாது என்று வாடிக்கையாளர்களே பழக்கிவைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்குத்தான் ப்ராஜெக்டும் போட்டோவும் பலியாகின்றன.

சந்தையில் இன்னொரு ரேம் கிடைக்கும். இன்னொரு விண்டோஸும் கிடைக்கும். மூன்று மாதம் உட்கார்ந்து அடித்த ப்ராஜெக்ட் ரிச்சி தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அடுத்த முறை "ஃபார்மேட் போட்டுடலாமா?" என்று கடையில் கேட்டால், பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: "ரேமைக் கழட்டிப் பார்த்தீங்களாண்ணே?"