அழாத காதல் படம்!

பதினோரு நாள்! ஒரே வீட்டில் தாயும் மகளும் பதினோரு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததுண்டா, உங்கள் வீட்டில்? எங்கள் வீட்டில் இருந்தோம். தட்டில் இட்லியை வைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போவாள். "சட்னி போடட்டுமா?" என்றால் தலை மட்டும் ஆடும். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். பிளஸ் டூ படிக்கிற என் மகளின் செல்போனை சார்ஜில் போட எடுத்தேன். கூடப் படிக்கிற பையன் ஒருவன் அனுப்பியிருந்தது கண்ணில் பட்டுவிட்டது. விகாரமாக ஒன்றுமில்லை. 'நீ வராததால் இன்று வகுப்பே நன்றாக இல்லை' என்கிற ரகம்தான். ஆனால் அதற்கு இவள் போட்டிருந்த பதிலைப் படித்ததும் எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. கத்தினேன். "யாருடி அவன்? அவங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டேன். பிறகு அழுதேன். போனைப் பிடுங்கி, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். என்னவரிடம் மூச்சு விடவில்லை. என்னைவிட அவர் இன்னும் பலமாகக் கத்துவார் என்ற பயம்தான்!

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. என் மாமியாருக்கு எழுபத்தைந்து வயது. முழங்கால் வலியால் அதிகம் நடமாட்டமில்லை. பகலில் டி.வி.தான் துணை. நான் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கூடத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் 'காதலிக்க நேரமில்லை'! இந்த வீட்டில், இந்தச் சமயத்தில், இப்படி ஒரு பெயரா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அத்தை வேண்டுமென்றே போட்டாரா, தானாக வந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"வா அம்மிணி, கீரையை இங்கியே கொண்டாந்து ஆயி" என்றார். போய் உட்கார்ந்தேன்.

இந்தப் படம் 1964-ல் வந்தது. அதே தலைப்பில் 2025-ல் வேறொரு படமும் வந்துவிட்டது. நான் சொல்வது ஸ்ரீதர் எடுத்த பழைய படத்தை. பார்க்காத இளம் சகோதரிகளுக்காகச் சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதன். அது பாலையா. அவருக்குப் பட்டணத்தில் படித்துவிட்டு வந்த இரண்டு பெண்கள், ராஜஸ்ரீயும் காஞ்சனாவும். சினிமா எடுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் பணம் கேட்டு நச்சரிக்கிற பிள்ளை செல்லப்பா, நம்ம நாகேஷ். எஸ்டேட்டில் வேலை பார்த்து, இந்தப் பெண்களோடு வம்பு வளர்த்து வேலையை இழக்கிற பையன் ரவிச்சந்திரன். இதுதான் அவருக்கு முதல் படம். முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலை கேட்டு ஆட்டம் பாட்டமாக மறியல் செய்கிறார்! பிறகு ராஜஸ்ரீ மேல் காதல். பெரிய பணக்காரர் மகன் என்று பொய் சொல்லி, அந்தப் பொய்யைக் காப்பாற்ற நண்பன் முத்துராமனுக்குக் கிழவர் வேஷம் போட்டு அப்பாவாக அழைத்து வருகிறார். அந்த நண்பன் காதலிப்பதோ காஞ்சனாவை! மீதியைத் திரையில் பாருங்கள்.

படம் எடுத்தது எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை. ஆழியாறு அணைக்குப் பக்கத்து விருந்தினர் மாளிகையைப் படத்தில் பார்க்கலாம். அத்தை பிறந்த ஊர் ஆனைமலைப் பக்கம். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயதிருக்கும்.

"ஆழியாத்துல சூட்டிங்குன்னு ஊரே போச்சு. எங்கய்யன் பொட்டப் புள்ளைகளை உடலை. அண்ணன்மாரு சைக்கிள்ல போயிப் பாத்துப்போட்டு வந்து ராத்திரி பூராம் கதை சொன்னாங்க. நாங்க சாணி மெழுகிட்டே கேட்டோம்" என்றார் அத்தை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் குரலில் அந்தக் குறை போகவில்லை!

எனக்கு இந்தப் படம் அறிமுகமானது பதினாறு வயதில், பக்கத்து வீட்டு டி.வி.யில். அன்றைக்கு என் கண்ணெல்லாம் காஞ்சனாவின் புடவையிலும் கொண்டையிலும்தான். விமானப் பணிப்பெண்ணாக இருந்து நடிக்க வந்தவர் என்று யாரோ சொல்ல, நானும் விமானத்தில் பறப்பதாகக் கனவெல்லாம் கண்டேன். (பறந்தது? கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து, கோவையிலிருந்து சென்னைக்கு ஒரே ஒரு தடவை!) பாலையா அன்றைக்கு எனக்கு வெறும் கோமாளி அப்பா.

படம் ஓடிக்கொண்டிருந்தது. நாகேஷ் அப்பாவை உட்கார வைத்துத் தன் படத்தின் திகில் கதையைச் சொல்கிற கட்டம் வந்தது. சத்தங்களையெல்லாம் வாயாலேயே போட்டு அவர் சொல்லச் சொல்ல, பாலையாவின் முகம் போகிற போக்கு இருக்கிறதே! அவருக்கு அங்கே வசனம் அதிகமில்லை. விழியும் கன்னமும்தான் நடிக்கின்றன. அத்தை வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பின்னால் இன்னொரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால், அறைக் கதவைப் பிடித்தபடி என் மகள்! சிரித்துவிட்டோமே என்ற கோபத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் திரும்பிப் போகவில்லை. மெதுவாக வந்து அப்பத்தாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு எனக்குப் படத்தில் பாதிதான் மனசு. மீதி மனசு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்ரீதர் யார்? 1959-ல் 'கல்யாணப் பரிசு', 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று பெண்களை முந்தானை நனைய அழ வைத்தவர். காதல் என்றால் தியாகம், நோய், பிரிவு என்று காட்டிய அதே மனிதர், சித்ராலயா கோபுவைக் கூட வைத்துக்கொண்டு அதே காதலைச் சிரிப்பாக்கிவிட்டார். இதில் வில்லன் கிடையாது. பெண்களை அடைத்து வைக்கிற அப்பா கிடையாது. விசுவநாதனுக்குப் பண ஆசை உண்டு, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என்ன சொத்து என்றுதான் பார்ப்பார். ஆனாலும் நமக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. பிள்ளைகள் அவரை ஏமாற்றுகிறார்களே தவிர வெறுப்பதில்லை. கண்ணை உறுத்தாத வண்ணம், விசுவநாதன் ராமமூர்த்தியின் இசை, கண்ணதாசனின் பாட்டு எல்லாம் சேர்ந்ததால்தான் படம் இத்தனை காலம் நின்றது என்பார்கள். சரிதான். தெலுங்கிலும் இந்தியிலும்கூட எடுத்தார்கள். ஆனால் அதே இரட்டையர் இசையமைத்த எத்தனையோ படங்களைப் பாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம், முழுதாகப் பார்ப்பதில்லையே! இதை மட்டும் மூன்று தலைமுறை ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறதென்றால், வயசுக் காதலை இது பெரிய குற்றமாகவும் ஆக்கவில்லை, பெரிய தெய்வீகமாகவும் ஆக்கவில்லை. அதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். அந்தப் பெண்களுக்கு அம்மா கிடையாது. விசுவநாதன் மனைவியை இழந்தவர். ஒரு அம்மாவை வைத்திருந்தால் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். படம் அந்த நிமிஷமே படுத்திருக்கும்! இதை நினைத்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சுருக்கென்றது. பதினோரு நாளாக இந்த வீட்டில் அந்த அம்மா நான்தானே?

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். பெண்களைப் பையன் சீண்டுவது அன்றைக்கு இனித்தது, இன்றைக்கு எனக்கு இனிக்கவில்லை. மகளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அவள் முதலில் கேட்டது வேறு.

"அந்த அசோக் பண்ணினது தப்புதானே அப்பத்தா? அவன் ஏன் பொய் சொல்லணும்?"

"நெசத்தைச் சொன்னா அவரு கேப்பாரா கண்ணு?" என்றார் அத்தை, பாலையாவைக் காட்டி. பார்வை மட்டும் என் பக்கம்!

படம் முடிந்தது. நான் கீரையை அலசப் போனேன். பின்னாலேயே வந்து அடுக்களை வாசலில் நின்றாள்.

"அம்மா, அவங்கப்பா என்ன பண்றாருன்னுதான் கேட்டே. அவன் எப்படின்னு கேக்கவே இல்லை."

கை ஈரத்தோடு அப்படியே நின்றேன். "சரி, சொல்லு. எப்படி?" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

சொன்னாள். நன்றாகப் படம் வரைவானாம். கணக்கில் இவளைவிட மோசமாம். இவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது, ஆனால் 'அதெல்லாம் பெரிசா ஒண்ணுமில்லை', அவளுக்கே தெரியவில்லையாம். அரை மணி நேரம் பேசினோம். அன்றைக்குக் கீரை கடையவில்லை. ரசமும் அப்பளமும்தான்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரவு ஒன்பது மணிக்கு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட வேண்டும், பரீட்சை முடியும்வரை வெளியில் தனியாகச் சந்திப்பு கிடையாது, எதுவானாலும் என்னிடம் முதலில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் பேச்சு. என் பயம் போய்விட்டதா? இல்லை. ஒன்பதடிக்கும்போது என் கண் தானாக ஃபிரிட்ஜ் பக்கம் போகிறது. இதுவரை போன் இருக்கிறது.

என்னவரிடம் போன வாரம்தான் சொன்னேன். நானும் அத்தையும் மகளும் கூடவே இருந்தோம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"அவங்கப்பா என்ன பண்றாராம்?"

நாங்கள் மூன்று பேரும் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. வருகிற ஞாயிறு அவரையும் கூடத்தில் உட்கார வைத்துப் படத்தைப் போடுவதாக அத்தை சொல்லியிருக்கிறார்.