தொடவிடாத பூனையும் அமானிதமும்



சில மாதங்களுக்கு முன் விழுப்புரத்தில் மதரஸா வகுப்பில் அமர்ந்திருந்தபோது, பிள்ளைகளின் பார்வை கிதாபை விட்டு நம் வலக்கையின் மீதே சென்றுகொண்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல்கள். "உஸ்தாத், யாரு பிறாண்டினது?" என்று ஒரு சிறுவன் கேட்டே விட்டான். நம் வீட்டுப் பூனை என்றோம். ஏன் என்றான். அதற்குச் சர்க்கரை நோய், ஊசி போடப் போனோம் என்றதும் வகுப்பு முழுவதும் சிரித்தது.

சிரிப்பில் தவறில்லை. சர்க்கரை நோயாளி இல்லாத வீட்டைத் தேட வேண்டிய காலம் இது. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தாயாரின் இன்சுலினும் பூனையின் இன்சுலினும் தனித்தனி டப்பாக்களில், பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பெரியவர்கள் சிலர் சொன்ன யோசனைகள் சிரித்துக் கடக்கத்தக்கவையாக இல்லை. அவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

திண்டிவனத்தில் நம் வீட்டுக்கு ஒரு மழைக்காலத்தில் குட்டியாக வந்து சேர்ந்தது அந்தப் பூனை. உடல் கறுப்பு, உச்சந்தலையில் மட்டும் வெள்ளைத் திட்டு. ஆகவே பிள்ளைகள் 'தொப்பி' என்று பெயரிட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் நம்மோடு இருந்தும் அது ஒருவரையும் தூக்க விட்டதில்லை. தானாக வந்து காலில் உரசும். நாம் கையை நீட்டினால் விலகிவிடும். பால்சோறும் பிஸ்கட்டும் பிரியாணிச் சோறும் கொடுத்துக் கொடுத்து அதைப் பருக்க வைத்தது நாம்தான். பூனை இறைச்சியுண்ணி. இனிப்பின் சுவையை அறியும் ஆற்றல்கூட அதன் நாவுக்கு இல்லை. சோற்றின் மாவுச்சத்தை அன்றாடம் செரித்துச் சமாளிக்கும் அமைப்பும் அதன் கல்லீரலுக்கு இல்லை. வயது ஏறிய, பருத்த, ஆண் பூனைகளுக்கு இந்நோய் அதிகம் வருகிறது. மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது இது.

முதலில் நோயைக் காட்டிக்கொடுத்தவை எறும்புகள். கொல்லைப்புறத்தில் அது சிறுநீர் கழிக்கும் மூலையில் சாரை சாரையாக எறும்பு மொய்த்தது. தண்ணீர்க் கிண்ணம் நாளுக்கு இருமுறை காலியாயிற்று. நன்றாகத் தின்றும் முதுகெலும்பு தெரிந்தது. பிறகு பின்னங்கால்களின் குதிகால் தரையில் படிய நடக்கத் தொடங்கியது. சர்க்கரை நரம்பைத் தாக்கினால் பூனை அப்படி நடக்கும் என்று பின்னால் அறிந்தோம். முதிர்ச்சி என்று எண்ணி இரண்டு மாதங்களை வீணாக்கிவிட்டோம்.

நோய் இன்னதென்று தெரிந்த வாரம், ஜும்ஆவுக்குப் பின் உறவினர் ஒருவர் சொன்னார்: "மீன் மார்க்கெட்ல கொண்டுபோய் விட்டுடுங்க தம்பி. அல்லாஹ் ரிஸ்க் கொடுப்பான்." அதற்கு அவர் ஓர் ஆதாரமும் வைத்திருந்தார். பூனையைக் கட்டிப்போட்டதற்காக வேதனை செய்யப்பட்ட பெண்ணைப் பற்றிய, புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியே அது. அவள் உணவும் கொடுக்கவில்லை. பூமியின் சிற்றுயிர்களைத் தின்று பிழைக்க விட்டுவிடவும் இல்லை என்று அதில் வருகிறது. ஆகவே விட்டுவிட்டால் குற்றமில்லை என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. விட்டுவிடுதல் அங்கே சொல்லப்பட்டது பிழைப்பதற்கான வழியாக; சாவதற்கான வழியாக அன்று. வேட்டையாடத் தெரிந்த பூனைக்குக் கதவைத் திறப்பது விடுதலை. குதிகால் ஊன்றி நடக்கும் கிழப்பூனையை நாய்கள் திரியும் மீன் மார்க்கெட்டில் இறக்கிவிடுவது, கட்டிப்போட்டுப் பட்டினி போடுவதன் மறுபெயர். இடம் மாத்திரமே மாறுகிறது. நாட்டின் சட்டமும் இதை அறியும். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாம் முஃப்தி அல்லர். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரே. எனினும் தவக்குல் என்ற சொல்லை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்கான திரையாகத் தொங்கவிடுவதைக் கண்டு வாய் மூடியிருக்க இயலவில்லை.

சரி, வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தொடவே விடாத ஒன்றுக்கு நாளுக்கு இருமுறை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் எப்படி ஊசி போடுவது?

முதலில் நாம் செய்தது முழுத் தவறு. சாக்கில் பிடித்துப் போட்டு ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இருவர் கழுத்தைப் பிடித்து மேசையில் அமுக்கினர். பயத்தில் அது சிறுநீர் கழித்தது. நம் கை கிழிந்தது. (பூனை கீறினாலும் கடித்தாலும் சோப்பால் நன்கு கழுவிவிட்டு மருத்துவரிடம் சென்று, வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிடுங்கள். அதில் வீரம் வேண்டாம்.) சர்க்கரை 400-ஐத் தாண்டிக் காட்டியது. அந்த எண்ணை நம்பி மருந்தின் அளவை முடிவு செய்யக் கூடாது என்று சொன்னவர் பின்னர் பார்த்த வேறொரு மருத்துவர். பயமும் திமிறலும் பூனையின் இரத்தச் சர்க்கரையைத் தாமாகவே ஏற்றிவிடும். நோயே இல்லாத பூனைக்கும் மேசை மேல் 300 காட்டக்கூடும் என்றார். முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனைக்கு இரத்தம் அனுப்பினார். சிறுநீரையும் வீட்டிலேயே பிடிக்கச் சொன்னார். மீன்தொட்டிக்குப் போடும் கூழாங்கற்களைக் கழுவி ஒரு தட்டில் பரப்பி வைத்தோம். கல் நீரை உறிஞ்சாது. அடியில் தேங்கியதில் பட்டையை நனைத்துச் சர்க்கரையும் கீட்டோனும் பார்த்தோம். பூனையைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை.

அன்றிரவு நம் நினைவுக்கு வந்தது ஆயிஷா (ரலி) அவர்களின் ஒட்டகம். முரண்டு பிடித்த ஓர் ஒட்டகத்தின் மீதேறி அவர்கள் அதை இப்படியும் அப்படியும் விரட்டித் திருப்பியபோது, நளினத்தைக் கடைப்பிடிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நளினம் பற்றிய அந்த நபிமொழியை மனைவியிடம், பிள்ளைகளிடம், மாணவரிடம் என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். அது சொல்லப்பட்ட தருணத்தில் எதிரே நின்றது ஒரு முரட்டு விலங்கு என்பதை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவோம். வன்மை சர்க்கரையை ஏற்றுகிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, நளினம் என்பது மருந்துக்கு மேல் தூவும் நற்பண்பாக நமக்குத் தோன்றவில்லை. அது மருந்தின் ஒரு பகுதி.

சோதனை முடிவு வரும் வரை கிடைத்த நாட்களைப் பயிற்சிக்கு ஆக்கிக்கொண்டோம். நாளெல்லாம் கிண்ணத்தில் கிடந்த உணவை எடுத்துவிட்டு, காலை 7, மாலை 7 என்று நேரம் வகுத்தோம். ஃபஜ்ருக்குப் பின் ஓதி முடித்து எழும் நேரம் ஒன்று. மஃரிப் தொழுதுவிட்டு வீடு திரும்பும் நேரம் மற்றொன்று. முதல் நாள் அது தின்னும்போது அருகில் அமர்ந்ததோடு சரி. மறுநாள் ஒரு விரல் விலாவில் பட்டது. பிறகு தோலை மெல்லத் தூக்கி விட்டோம். அதன் பிறகு மூடி கழற்றாத சிரிஞ்சால் அதே இடத்தைத் தொட்டோம். விலகினால் விட்டுவிடுவோம், துரத்துவதில்லை. துண்டு போர்த்துவதில்லை, பேச்சில்லை, பிள்ளைகள் கூட்டமில்லை. ஆறாம் நாள் மாலை, மத்தி மீன் துண்டில் அது மூழ்கியிருந்தபோது உண்மையான ஊசி இறங்கியது. இன்சுலின் ஊசி மயிரிழை போன்றது. தொப்பி தலை நிமிரவே இல்லை. நம் கைதான் நடுங்கிற்று.

வாசகர் வீடுகளில் இந்நிலை வந்தால் சில எச்சரிக்கைகள். நம் பூனைக்கு மருத்துவர் ஒரு யூனிட்டில் தொடங்கினார். உங்கள் பூனைக்கு உங்கள் மருத்துவர் சொல்வதே அளவு. வீட்டுப் பெரியவர்களின் இன்சுலினை எடுத்துக் குத்திப் பார்க்காதீர்கள். நம் நாட்டில் 40 யூனிட் புட்டியும் 100 யூனிட் புட்டியும் புழங்குகின்றன. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மாற்றி எடுத்தால் ஒரு யூனிட் என்று நினைத்துக் குத்துவது இரண்டரை யூனிட்டாகிவிடும். சிறு பூனையை அதுவே கொல்லும். பூனை உணவை மறுத்தால் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். பாதி மருந்து முடியில் சிந்திவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. அடுத்த வேளை வரை பொறுங்கள். ஒரு வேளை குறைந்தால் பூனை தாங்கும், இரட்டிப்பானால் தாங்காது. தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சோற்றைக் குறைத்தோம். உப்போ மசாலாவோ இல்லாமல் அவித்த மீனும் கோழியும் முதன்மை ஆயின. மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் மீன் இருக்கும்போது இது பெரிய சிரமமில்லை. வெங்காயம் போட்ட ஆணம் பூனைக்கு நஞ்சு என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டோம். மீனும் கோழியும் மட்டுமே நிறைவான உணவாகா. கூடச் சேர்க்க வேண்டியவற்றை மருத்துவர் எழுதித் தந்தார். ஊசி போடும் காலத்தில் உணவை மாற்றுவதென்றால் அவருக்குத் தெரிவித்தே மாற்ற வேண்டும். சோறு குறைந்தால் சர்க்கரையும் இறங்கும். பழைய அளவு ஊசி அப்போது அதிகமாகிவிடும்.

இன்னொரு கேள்வி நம் சமுதாயத்துக்கே உரியது. இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே? முற்காலத்தில் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்தே அது எடுக்கப்பட்டது. விலங்குகளுக்கென விற்கப்படும் ஒருவகை இன்சுலின் இன்றும் பன்றியிலிருந்து வருவதே. ஆனால் பூனைகளுக்கு மருத்துவர்கள் பெரிதும் விரும்பும் கிளார்ஜின், மனிதர்களுக்கான மருந்துக்கடையில் கிடைப்பது. நுண்ணுயிரியைக் கொண்டு தயாரிக்கப்படுவது. மருத்துவரிடம் வாய் திறந்து கேட்டால் பெரும்பாலும் அங்கேயே சிக்கல் தீர்ந்துவிடும். கேட்கக் கூச்சப்பட்டு, ஹராம் என்று நாமே முடிவுகட்டிச் சிகிச்சையை நிறுத்துவதுதான் தவறு. பூனைகளின் நீரிழிவுக்கென வாய்வழி மருந்துகளுக்கும் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அவை எல்லாப் பூனைக்கும் பொருந்தா. இரத்தம் அமிலமாகும் ஆபத்துண்டு. ஏற்கெனவே இன்சுலினில் இருந்த பூனைக்கு அவற்றைக் கொடுப்பதில்லை.

செலவைப் பற்றிக் கேட்பவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். விழுப்புரம் செல்லும் ரயிலில் முண்டியம்பாக்கம் வந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கோப்புகளை இடுக்கிக்கொண்டு இறங்கும் ஏழைகளை அன்றாடம் பார்க்கிறோம். பூனைக்கு ஊசி வாங்கும் நாம் அவர்களுக்கு என்ன செய்தோம் என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை பூனையைக் கைவிடுவதில் இல்லை. மேலும், இந்த மருந்து மனிதருக்கு எங்கிருந்து வந்தது? 1921-இல் டொராண்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் மீது சோதித்துக் கண்டடைந்தார்கள். 1922-இல்தான் முதல் நோயாளிச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அந்நாய்கள் உயிரைக் கொடுத்தன. நம் தாயார் இன்று நடமாடுவதில் அவற்றுக்கும் பங்குண்டு.

நம் பகுதிக் கால்நடை மருந்தகங்களுக்கு மாடும் ஆடுமே பெரிதும் வருகின்றன. பூனையின் நீரிழிவுக்கு மேல்சிகிச்சை வேண்டுவோருக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. சென்னையில் 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. போகுமுன் கூடையை ஒரு வாரம் வீட்டில் திறந்து வையுங்கள். அதற்குள் உணவு வையுங்கள். தொப்பி இப்போது அதில்தான் உறங்குகிறது. ஞாயிறுதோறும் கூடையோடு தூக்கி எடைக்கருவியில் வைத்துவிடுகிறோம். அளந்து ஊற்றும் தண்ணீரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் துணைவியார் நாட்காட்டியில் குறித்துவருகிறார். தொடாமலேயே பாதி நிலவரம் தெரிந்துவிடுகிறது.

தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்ற பூனைகளுள் சிலவற்றுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலையும் வருவதுண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாம் வீணாக்கிய இரண்டு மாதங்களை எண்ணும்போது அந்த நம்பிக்கையை அளவோடுதான் வைத்திருக்கிறோம். குதிகால் இன்னும் முழுதாக நிமிரவில்லை. சென்ற வாரம் கிணற்றுத் திட்டின் மேல் தானே ஏறி அமர்ந்திருந்தது. தடவலாம் என்று கையை நீட்டினோம், இறங்கிப் போய்விட்டது.