உரிமம் தந்தோம், நடக்க இடம் எங்கே?

சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் 2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் உரிமம் பெற ஓடியதை நாடே பார்த்தது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப், 50 ரூபாய் கட்டணம். உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். கெடு சிலமுறை நீட்டிக்கப்பட்டது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை மறந்துவிடாத எவரும் இந்தக் கண்டிப்பைக் குறைகூற மாட்டார்கள். நானும் கூறவில்லை. நான் நாய் வளர்ப்பவனல்லன். காலையில் பூங்காவில் நடப்பவன்.

ஆயினும் பொது நிதியியல் கற்பித்தவன் என்ற முறையில் ஓர் உறுத்தல். வரிக்கு நேரடிக் கைம்மாறு கிடையாது, கட்டணத்துக்கு உண்டு. பெர்லின் நகரில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ வசூலிக்கிறார்கள். அது வரி, பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. அப்படியிருந்தும் கிரூனவால்டு காட்டில் நாய்கள் கயிறின்றி ஓட விரிந்த பரப்பை ஒதுக்கியிருக்கிறார்கள். நாம் வாங்குவது கட்டணம். அதற்கு ஈடாக ஓர் அட்டை கிடைக்கிறது, நடக்க இடம் கிடைக்கவில்லை.

இடம் என்று நாம் நம்புபவற்றைப் பாருங்கள். தெருவில் ஒவ்வொரு முனையும் ஒரு தெருநாய்க் கூட்டத்தின் எல்லை. கயிற்றில் கட்டிய நாய் அங்கே தப்பியோடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. கடற்கரை அகலமானதுதான். ஆனால் ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம்; கயிறு அவிழ்த்த நாய்க்கு மணலைத் தோண்டுவதைவிட இன்பம் வேறில்லை. எஞ்சுவது பூங்கா. அங்கே குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களது அச்சம் நியாயமானது.

தனி நாய்ப் பூங்கா கட்டலாமே என்பார்கள். ஐதராபாத் கொண்டாப்பூரில் 2018-இல் கட்டினார்கள். ஒரு நகரத்துக்கு ஒன்று என்றால் கார் வைத்திருப்பவருக்கே அது பயன்படும். பொதுப் பணத்தில் அமைந்த வசதி வசதியுள்ளோருக்கு மட்டும் சென்றுசேர்வது நமக்குப் பழகிய கதை.

நிலத்தைப் பிரிப்பதைக் காட்டிலும் நேரத்தைப் பிரிப்பது மலிவு. நியூயார்க் அதைத்தான் செய்தது. சென்ட்ரல் பூங்காவின் பல பகுதிகளில் காலை 6 முதல் 9 வரையும், இரவு 9 முதல் நள்ளிரவு 1 வரையும் நாய்களைக் கயிறின்றி விடலாம். மற்ற நேரங்களில் கயிறு கட்டாயம். பல்லாண்டுகள் வழக்கமாக மட்டும் இருந்த இந்த ஏற்பாடு 2007-இல் முறையான விதியானது. நாய் பிடிக்காதவருக்கும் எந்த நேரத்தில் போகலாம் என்பது உறுதியாகத் தெரியும். அந்த உறுதிக்கே பொருளாதார மதிப்பு உண்டு.

அவர்களின் கடிகாரத்தை அப்படியே இங்கு மாட்ட முடியாது. சென்னையில் காலை 9-க்கு முந்தைய நேரம்தான் எங்களைப் போன்றோர் நடக்கும் நேரம். நண்பகலில் பல பூங்காக்கள் பூட்டப்படுகின்றன. திறந்தாலும் அந்தத் தரைச்சூட்டில் நாயின் பாதம் வெந்துவிடும். ஆகவே இரவுதான் வழி. பூட்டும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, அந்த நேரத்தை உரிமம் உள்ள நாய்களுக்கு மட்டும் தரலாம். கூடுதல் செலவு, ஒரு காவலருக்கு ஒரு மணி நேர ஊதியமும் மின்விளக்கும். வாயிலில் உரிமத்தைச் சரிபார்த்தால், உரிமம் பெறாதவர் தாமாகவே பெறுவார்; அபராதம் சாதிக்காததை இது சாதிக்கக்கூடும். 50 ரூபாயை 500 ஆக்கினாலும், இடம் கிடைக்கும் என்றால் வளர்ப்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன்.

கயிறில்லாத ஓட்டத்துக்கு வேலி வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டுமென்பது நம் விதி. அப்படி வந்த நிலங்கள் சில, சுற்றுச்சுவரும் பூட்டும் மட்டுமாகக் கிடக்கின்றன. உள்ளே முள்செடி. பூங்காவாகும் வரையிலாவது அவற்றைத் திறந்துவிடலாம்.

மாநகராட்சியில் பல மண்டலங்கள், 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள். மண்டலத்துக்கு ஒன்று எடுத்து ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும். கழிவை அள்ளாமல் போகிறவரின் உரிமத்தை முதல் வாரத்திலேயே ரத்துசெய்யட்டும். மறுநாள் காலை அதே பாதையில் நடக்கப்போவது நாங்கள்தான்.