டீக் ஹை சார்!

ரொம்ப நாளாச்சு உங்களோட பேசி. ஆபீஸ்ல ஆணி அதிகம். கூடச் சேர்ந்து பிடுங்கறதுக்கு ஒரு கெட்டிக்காரப் பையன் இருந்தான், அதனால இத்தனை நாள் வண்டி ஓடிச்சு. இப்ப அவனும் கிளம்பறான். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐரோலி ஆபீஸ்ல லேப்டாப்பை மூடிட்டு, நெருள் லோக்கலைப் பிடிக்கலாம்னு எழுந்திரிச்சேன். பையன் கதவுகிட்ட வந்து நின்னான். "சார், தோ மினிட்?" பொட்டி தட்டற தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது வந்து ரெண்டு நிமிஷம் கேட்டா அது ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு, கல்யாணப் பத்திரிகை. அவன் கையில பத்திரிகை இல்லை.

உட்கார வச்சு, ஒரு டேமேஜர் இந்த மாதிரி நேரத்துல என்னென்ன செய்யணுமோ அத்தனையும் செஞ்சேன். டீ வாங்கிக் கொடுத்தேன். சம்பளம் பேசலாம்னேன். ஆன்சைட் வாய்ப்பு வருதுன்னேன் (வரலை, ஆனா சொல்றது வழக்கம்). எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு, பணப் பிரச்சினை இல்லை சார்னான். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மூணு வருஷமா உங்ககிட்ட வேலை பார்க்கறேன். நான் நல்லா செய்யறேனா, சுமாரா செய்யறேனான்னே எனக்குத் தெரியலை. எதைக் கொண்டு வந்து காட்டினாலும் டீக் ஹைன்னு மட்டும்தான் சொல்றீங்க. சுமாரான ஆளை எத்தனை நாளைக்கு வச்சுக்குவீங்க? நீங்க அனுப்பறதுக்கு முன்னாடி நானே வேற இடம் பார்த்துக்கலாம்னு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. டீம்ல அவன்தான் நம்பர் ஒண்ணு. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. இதை எங்க பெரிய டேமேஜர்கிட்ட சொல்லியிருக்கேன். கிளையண்ட்கிட்ட சொல்லியிருக்கேன். வீட்ல தங்கமணிகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். யோசிச்சுப் பார்த்தா, அவன் ஒருத்தனைத் தவிர எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

அந்த டீக் ஹை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கணும். நான் கோவில்பட்டிக்காரன். எங்க ஊர்ல ஒருத்தர் "பரவாயில்லையே!"ன்னு சொல்லிட்டார்னா அதுக்கு மேல பாராட்டே கிடையாது. எங்கப்பா என் வாழ்க்கையில அதை மொத்தம் ரெண்டு தடவைதான் சொல்லியிருக்கார். ஒண்ணு, பொம்பாயில வேலை கிடைச்சப்ப. இன்னொண்ணு, நெருள்ல வீடு வாங்கினப்ப. மத்தபடி கணக்குல 98 எடுத்துட்டு வந்தா, மீதி ரெண்டு மார்க் எந்தத் தெருவுல தொலைஞ்சுதுன்னுதான் விசாரணை நடக்கும். நீங்களும் அப்படித்தானே வளர்ந்தீங்க?

அந்தப் 'பரவாயில்லையே'யைத்தான் நான் இங்க வந்து ஹிந்தியில சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். மண்டைக்குள்ள தமிழ்ல யோசிச்சு, வாயில வரும்போது டீக் ஹைன்னு வந்துடும். நான் நினைக்கறது, 'அடேயப்பா, அசத்திட்டியே'. சாத்தாராவிலிருந்து வந்த அந்தப் பையன் காதுல விழுந்தது, 'ம், ஏதோ இருக்கு, வச்சுட்டுப் போ'. மூணு வருஷமா விழுந்திருக்கு. பரவாயில்லையேல பாராட்டு முழுக்க அந்தக் கடைசி 'யே'யில இருக்கு மக்களே. ஹிந்தியில அந்த 'யே'க்கு நான் எங்க போவேன்?

இந்த ஊர் லோக்கல் டிரெயினைப் பாருங்க. அடுத்த ஸ்டேஷன் எதுன்னு மராட்டியில ஒரு தடவை, ஹிந்தியில ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை சொல்லுது. இருபது வருஷமா அதே ஸ்டேஷன்ல இறங்கறவனுக்கும் சொல்லுது. அவனுக்குத்தான் தெரியுமேன்னு ஒரு நாளும் விட்டதில்லை. நான் அன்னிக்கு அந்த அறிவிப்பைக் கேட்டுக்கிட்டே வந்து இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட புலம்பினேன். "அவனுக்கு மூணு வருஷம்தாங்க. எனக்குப் பதினெட்டு வருஷம். இந்தச் சாம்பார் நல்லா இருக்கா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கும் தெரியாது"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. நான் விடலை. ஆம்பளைக்குத் தோல்வி வந்தா உடனே கிரிக்கெட்டைத்தானே துணைக்குக் கூப்பிடுவோம். "ஆச்ரேக்கர் சார் டெண்டுல்கரை ஒரு நாள்கூட பாராட்டினதில்லை. பாராட்டாததாலதான் அவர் டெண்டுல்கர் ஆனார்"னு ஹால்ல இருந்தே குரல் கொடுத்தேன்.

விஷயம் உண்மைதான். 2013 நவம்பர் 16, வான்கடே மைதானத்துல டெண்டுல்கர் விடைபெற்றுப் பேசினப்ப அவரே சொன்னார். தலைக்கனம் ஏறி உழைப்பை விட்டுடுவேனோன்னு, 29 வருஷத்துல சார் ஒரு தடவைகூட 'நல்லா ஆடினே'ன்னு சொன்னதில்லை. இனிமேதான் ஆடறதுக்கு மேட்சே இல்லையே, இப்பவாவது சொல்லலாமேன்னு கேட்டார். மைதானமே சிரிச்சுது, பாதிப் பேர் அழுதாங்க. ஊர்ல இருக்கற எல்லா அப்பாக்களுக்கும் எல்லா டேமேஜர்களுக்கும் அன்னிக்கு ஒரு சர்டிபிகேட் கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. எனக்கும்தான்.

ஆனா ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சப்பதான் அந்தக் கதையில பாதியை நான் வசதியா மறந்துட்டது தெரிஞ்சுது. சிவாஜி பார்க்ல பயிற்சி முடியற நேரம், பையன் களைச்சுப் போயிருக்கும்போது, ஆச்ரேக்கர் ஸ்டம்ப் மேல ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். யார் போல்டு எடுக்கறாங்களோ நாணயம் அவங்களுக்கு. கடைசி வரைக்கும் அவுட் ஆகாம நின்னா டெண்டுல்கருக்கு. அப்படி ஜெயிச்ச 13 நாணயங்களை அவர் பொக்கிஷமா வச்சிருந்தார். இத்தனைக்கும் மேல, ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் ஆடணும்னு பையனை ஸ்கூட்டர் பின்னாடி உட்கார வச்சு சிவாஜி பார்க்குக்கும் ஆசாத் மைதானத்துக்கும் கூட்டிட்டு அலைஞ்சவர்.

வாயால சொல்லலையே தவிர, அந்த மனுஷன் அன்னன்னிக்குச் சாயங்காலம் கையில ஃபீட்பேக் கொடுத்திருக்கார் சாமி. இன்னிக்கு நீ நல்லா ஆடினியா இல்லையாங்கறது வீட்டுக்குப் போறதுக்குள்ள பையில இருக்கும், இல்லை இருக்காது. ஏப்ரல் மாசம் அப்ரைசல் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நான் என்ன செஞ்சேன்? அவர்கிட்டேயிருந்து பேசாம இருக்கறதை மட்டும் காப்பி அடிச்சேன். நாணயமும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை.

அப்ரைசல்னு ஒண்ணு வருஷா வருஷம் நானும்தான் நடத்தறேன். அதைப் பத்தி நீளமாச் சொல்ல ஒண்ணுமில்லை. முதல்ல ரெண்டு வரி நல்லது, நடுவுல நாலு வரி குறை, கடைசியில மறுபடி ரெண்டு வரி நல்லதுன்னு ரொட்டி அடுக்கற மாதிரி அடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறவனுக்கும் அதே டிரெயினிங் கொடுத்திருக்காங்க. அதனால ரொட்டியை எடுத்து ஓரமா வச்சுட்டு நடுவுல இருக்கறதை மட்டும்தான் எடுத்துக்கிட்டுப் போறான்.

நிற்க. ஆச்ரேக்கரோட சாரதாஷ்ரம் பள்ளிக்கூடப் பசங்கள்ல இன்னொருத்தர் உண்டு. 1988-ல டெண்டுல்கரும் காம்ப்ளியும் சேர்ந்து 664 ரன் அடிச்ச அந்த ஸ்கூல் மேட்ச்ல, அடுத்து இறங்க வேண்டியவர் காலில் பேடைக் கட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். அமோல் மஜூம்தார். பிற்பாடு முதல்தர கிரிக்கெட்ல பதினோராயிரத்துக்கும் மேல ரன் குவிச்சார். இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடக் கிடைக்கலை. நல்லா ஆடறோமா இல்லையான்னு பதில் வராமலே ஒரு ஆயுசு ஆடறது எப்படி இருக்கும்னு அவரைக் கேட்டாத் தெரியும்.

அவர்தான் 2025-ல நம்ம பொண்ணுங்க உலகக் கோப்பை ஜெயிச்சப்ப கோச். அதுவும் எங்கே? எங்க நெருள் டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியத்துல. இந்த ஸ்டேடியம் மேல எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. 2008 ஜூன் 1, முதல் ஐ.பி.எல். ஃபைனல், பாலாஜி போட்ட கடைசி ஓவரோட கடைசிப் பந்துல நம்ம சென்னை தோத்த இடம் இது. அந்த மனத்தாங்கல் 2025-ல தீர்ந்துது.

அந்த உலகக் கோப்பையில தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்துன்னு வரிசையா மூணு தோல்வி. இங்கிலாந்துகிட்ட வெறும் 4 ரன்ல. ஜெயிச்சிருக்க வேண்டிய மேட்ச். அன்னிக்கு டிரெஸ்ஸிங் ரூம்ல மஜூம்தார் கொஞ்சம் சூடாத்தான் பேசினார்னும், மனசுலேர்ந்து பேசறவர்ங்கறதால யாரும் அதைத் தப்பா எடுத்துக்கலைன்னும் கேப்டன் ஹர்மன்ப்ரீத் பிறகு சொன்னாங்க. அது நடந்த அன்னிக்கே சொன்னது. மூணு மாசம் கழிச்சு எக்ஸெல்ல ஏத்திச் சொன்னதில்லை.

அப்புறம் அக்டோபர் 30, இதே நெருள்ல செமி ஃபைனல். ஆஸ்திரேலியா 338. பெண்கள் கிரிக்கெட்ல அவ்வளவு பெரிய ஸ்கோரை அதுவரைக்கும் யாரும் துரத்திப் பிடிச்சதில்லை. இந்த இடத்துல நானா இருந்தா நாற்பது ஸ்லைடு போட்டிருப்பேன். மஜூம்தார் வெள்ளைப் பலகையில ஒரே ஒரு விஷயம் எழுதினார்: ஃபைனலுக்குப் போக அவங்களை விட ஒரு ரன் கூட எடுத்தாப் போதும். அவ்வளவுதான். இங்கிலாந்து மேட்ச்ல உட்கார வைக்கப்பட்ட ஜெமிமா ரோட்ரிக்ஸ் அன்னிக்கு 127 நாட் அவுட். கூட ஹர்மன்ப்ரீத் 89. ஒன்பது பந்து மிச்சம் வச்சு ஜெயிச்சாச்சு.

எல்லாம் சரியா நடந்துதுன்னும் சொல்ல மாட்டேன். மூணாவதா இறங்கணும்னு ஜெமிமாவுக்குத் தெரிஞ்சதே அஞ்சு நிமிஷம் முன்னாடிதானாம். அதை நான் என் டீம்ல செஞ்சா அன்னிக்கே எச்.ஆர்.லேர்ந்து போன் வரும். போட்டி நாட்கள்ல தினமும் அழுதேன், பதட்டமா இருந்துதுன்னு அந்தப் பொண்ணு மைக் முன்னாடி வெளிப்படையாச் சொல்லிச்சு. கூட இருந்த தோழிங்க தாங்கிப் பிடிச்சாங்கன்னும் சொல்லிச்சு. கோச் ஆனாலும் டேமேஜர் ஆனாலும் எல்லாமே நம்ம கண்ணுல பட்டுடும்னு நினைச்சுக்க வேண்டாம்.

நவம்பர் 2 ஃபைனல் அன்னிக்கு டிக்கெட் கிடைக்கலை. மழையால ரெண்டு மணி நேரம் லேட். எங்க வீட்ல நெட்ல ஓடற மேட்ச் அரை நிமிஷம் பின்தங்கித்தான் வரும், ஆனா ஸ்டேடியத்துக் கூச்சல் ஜன்னல் வழியா முன்னாடியே வந்துடும். எல்லா விக்கெட்டும் எங்களுக்குக் காதுல முதல்ல விழுந்துது, கண்ணுல அப்புறம். டீம்லயே இல்லாம இருந்து, ஒருத்தர் காயம்பட்டதால செமி ஃபைனலுக்குத்தான் வந்து சேர்ந்த ஷஃபாலி வர்மா 87 அடிச்சாங்க. அதோட விடாம, எப்பவோ பந்து போடற அவங்க கையில ஹர்மன்ப்ரீத் பந்தைக் கொடுத்தாங்க. வந்த வேகத்துல ரெண்டு விக்கெட். ராத்திரி பன்னிரண்டு தாண்டி கோப்பை வந்ததும் ஹர்மன்ப்ரீத் போய் மஜூம்தார் காலைத் தொட்டாங்க. தங்கமணி கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எனக்கும் தூசி விழுந்துடுச்சு :-)

சரி, பையன் மேட்டருக்கு வர்றேன். இதையெல்லாம் ராத்திரி முழுக்க அசை போட்டுட்டு, திங்கட்கிழமை அவனைக் கீழ டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ராஜினாமாவைத் திரும்ப வாங்கறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு தங்கமணி உத்தரவு. அப்படிப் பேசினா அது பாராட்டு இல்லை, பேரமாம். கட்டிங் சாய் வந்துது. போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி சர்வர் படுத்தப்ப, வீட்டுக்குப் போற பஸ்ஸை விட்டுட்டு அவன் உட்கார்ந்து சரி பண்ணினதைச் சொன்னேன். கோபத்துல கத்தின கிளையண்டுக்கு அவன் எழுதின நாலு வரி மெயிலை நான் இன்னும் எடுத்து வச்சிருக்கறதைச் சொன்னேன். புதுசா வந்த பொண்ணுக்கு வேலை சொல்லிக் கொடுத்தப்ப, அவ செஞ்ச தப்பைத் தான் செஞ்சதாச் சொன்னானே, அது எனக்குத் தெரியும்னேன். கோவில்பட்டியில பரவாயில்லையேன்னா என்ன அர்த்தம்னும் விளக்கினேன். என் ஹிந்தியில இதுக்கெல்லாம் வார்த்தை பத்தலை, பாதிக்குக் கையை ஆட்டித்தான் சொன்னேன்.

அவன் டீ கிளாஸையே பார்த்துக்கிட்டு இருந்தான். இன்னும் ரெண்டு மாசம் நோட்டீஸ் பீரியட், அதுக்கப்புறம் புனேல புது வேலை. முடிவு மாறலை, நானும் கேட்கலை. எழுந்து பைசாவைக் கொடுக்கப் போனேன், அதுக்குள்ள அவனே கொடுத்துட்டான். லிஃப்ட் கிட்ட வந்ததும் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுச் சொன்னான்.

"டீக் ஹை, சார்."

எந்த ஊர் அர்த்தத்துல சொன்னான்னு தெரியலை. லிஃப்ட் கதவு மூடிடுச்சு.