படம் எடுப்பவர்கள் எழுதவும் வேண்டும்

“ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?”

வார இறுதிகளில் திருமணம், வளைகாப்பு, பிறந்தநாள் நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கச் செல்லும் என்னைப் போன்ற மாணவர்களிடம் வாடிக்கையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால், அதுவே கடைசிக் கேள்வியாகவும் இருந்துவிட்டால் சிக்கல். நான் ஒரு தொகை சொல்வேன். இன்னொருவர் அதைவிட 20 வெள்ளி குறைத்துச் சொல்வார். மூன்றாமவர் அதற்கும் கீழே இறங்குவார். முடிவில் வேலை யாருக்குக் கிடைத்தாலும் உழைப்புக்கேற்ற ஊதியம் மூவரில் எவருக்கும் இல்லை.

நம்மை ஒப்பிட்டுப் பார்க்க விலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாதபோது, வாடிக்கையாளர் விலையைத்தான் பார்ப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. விலைக்கு அப்பால் நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருக்கு நாம் ஏதாவது தர வேண்டும். அதனால்தான், புகைப்படத் தொழிலில் கால் வைக்க விரும்பும் இளையர்கள் அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்பே, தாங்கள் எடுத்த படங்களைப் பற்றிச் சொந்த இணையத்தளத்தில் எழுதத் தொடங்க வேண்டும் என்கிறேன்.

படம் சொல்லாத செய்தி

“படமே பேசும்போது எழுத்து எதற்கு?” என்று என் நண்பர்கள் கேட்பதுண்டு. படம் பேசும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அது சொல்லாமல் விடுவதும் நிறைய.

தாலி கட்டும் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவருக்குத் தெரிவது மணமக்களின் முகமும் தூவப்படும் அட்சதையும்தான். அந்தப் படத்தை எடுத்தவருக்கு மட்டுமே தெரிந்தவை வேறு. கெட்டிமேளம் ஒலித்ததும் உறவினர்கள் மேடையை நெருங்குவார்கள். ஹோமப் புகை எழுந்து லென்ஸுக்கு முன்னால் திரைபோல் நிற்கும். மேடை விளக்கின் மஞ்சள் ஒரு பக்கம், காணொளி எடுப்பவரின் வெள்ளை விளக்கு மறு பக்கம். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். “இன்னொரு முறை கட்டுங்கள்” என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. எனவே எங்கே நிற்பது, யாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது, எந்த நேரத்தில் குனிந்து நகர்வது என்பதெல்லாம் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இதை 300 சொற்களில் எழுதி, அந்தப் படத்துடன் வெளியிட்டால் என்ன நடக்கும்? மகளின் திருமணத்துக்கு ஆள் தேடும் ஒரு தாயார் அதைப் படிக்கிறார். நலங்கு எப்போது, அம்மி மிதிப்பது எப்போது, அருந்ததி பார்ப்பது எப்போது என்று இந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

திருமணப் படம் கடையில் பார்த்து வாங்கிப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் பொருள் அன்று. முன்பணம் கொடுக்கும்போது படம் இன்னும் எடுக்கப்படவே இல்லை. வாடிக்கையாளர் அப்போது பணம் கொடுப்பது நம்பிக்கைக்குத்தான். அழகான பத்துப் படங்கள் அந்த நம்பிக்கையில் பாதியைத் தரும். நாம் எப்படி யோசிக்கிறோம், நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது மீதிப் பாதி. அதைச் சொல்ல எழுத்து வேண்டும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். வீவக வீட்டின் வரவேற்பறையில் நடந்த ஒரு வளைகாப்பை எப்படிப் படம் எடுத்தேன் என்று ஒரு பதிவு எழுதியிருந்தேன். கூரை விளக்கும் சன்னல் வெளிச்சமும் கலந்தால் கன்னத்தில் பூசிய சந்தனத்தின் நிறம் மாறித் தெரியும். அதனால் விளக்கை அணைத்துவிட்டு, தாயாகப்போகும் பெண்ணைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் அமர வைத்தோம். கண்ணாடி வளையல்களில் ஃபிளாஷ் ஒளி பட்டுத் தெறிக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தவில்லை. சோபாவை அறைக்குள் தள்ளிவிட்டதால் எனக்கு மூன்றடி இடம் கிடைத்தது. இவ்வளவுதான் அந்தப் பதிவு. ஐந்து மாதங்கள் கழித்து அதைப் படித்த ஒருவர் என்னைத் தொடர்புகொண்டார். “எங்கள் வீட்டுச் சன்னல் மேற்குப் பக்கம் இருக்கிறது. வளைகாப்பைக் காலையில் வைக்கலாமா, மாலையிலா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. விலையைப் பிறகுதான் பேசினோம். குறைக்கும்படி அவர் கேட்கவில்லை.

தேடுபவர் கண்ணில் படுவது எப்படி?

தேடுதளங்களின் செயல்பாடும் எழுதுபவர்களுக்குச் சாதகமானது. கேமரா தானாகச் சூட்டும் ‘டிஎஸ்சி 0412’ போன்ற பெயருடன், ஒரு வரி விளக்கமும் இல்லாமல் ஏற்றப்பட்ட படம் எந்த நிகழ்ச்சியில், எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று தேடுதளத்துக்கு எப்படித் தெரியும்? படத்தைச் சுற்றியுள்ள எழுத்து, படவிளக்கம், கோப்பின் பெயர், ‘மாற்று உரை’ ஆகியவற்றைக் கொண்டும் கூகல் ஒரு படத்தின் பொருளைப் புரிந்துகொள்கிறது. மாற்று உரை என்பது பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரைவாசிப்பு மென்பொருள் படித்துக்காட்டும் குறிப்பு. அதை ஒழுங்காக எழுதினால் அவர்களுக்கும் உதவி, நமக்கும் நன்மை.

‘திருமணப் புகைப்படம்’ என்ற பொதுவான சொல்லில் பெரிய நிறுவனங்களுடன் நாம் போட்டியிட முடியாது. ஆனால், ‘வீட்டில் வளைகாப்பு’, ‘சமூக மன்றத்தில் காதணி விழா’ என்று குறிப்பாகத் தேடுபவருக்கு நம் பதிவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதிலும் இவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட உள்ளூர்ப் பக்கங்கள் நான் தேடிப் பார்த்தவரை மிகக் குறைவு. வகுப்பறைக்கு வெளியே தமிழுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, வருமானம் தரக்கூடிய ஒரு பதிலாகவும் இதைச் சொல்லலாம்.

வாடகை வீடும் சொந்த வீடும்

“இன்ஸ்டகிராம் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. சமூக ஊடகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால், அது வாடகை வீடு. விதிகளை மாற்றும் உரிமை வீட்டுக்காரருக்குத்தான்.

ஒரு காலத்தில் நம் வட்டாரத்தில் பலரும் பயன்படுத்திய ஃபிரெண்ட்ஸ்டர் தளம், 2011ல் விளையாட்டுத் தளமாக மாறியபோது பயனாளர்களின் பழைய படங்களையும் பதிவுகளையும் நீக்கியது. ஃபிளிக்கர் தளம் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பை 2018ல் அறிவித்தது. இன்ஸ்டகிராம் 2016ல் கால வரிசையைக் கைவிட்டு, யாருக்கு எதைக் காட்டுவது என்பதைத் தானே முடிவுசெய்யத் தொடங்கியது. எனக்குத் தெரிந்த மூத்த புகைப்படக் கலைஞர் ஒருவரின் சமூக ஊடகக் கணக்கு ஒருநாள் ஊடுருவப்பட்டது. மூன்றாண்டுப் படங்களும் வாடிக்கையாளர்களின் குறுஞ்செய்திகளும் அத்துடன் போயின. அவருக்கு வேறு முகவரி இல்லை.

சொந்தப் பெயரில் ஒரு தளம் வைத்துக்கொண்டு, எழுதியதையும் படங்களையும் தனியாகச் சேமித்து வைத்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். தளத்தை நடத்தும் நிறுவனம் மூடப்பட்டாலும் அனைத்தையும் இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகலாம். சமூக ஊடகத்தில் ஒரு படத்தைப் போட்டு, “முழுக் கதை என் தளத்தில்” என்று வழிகாட்டினால் போதும்.

சிங்கப்பூரில் ஒரு முன்னோடி

எழுதும் புகைப்படக் கலைஞர் என்பது இணையக் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன் 1862ல் சிங்கப்பூருக்கு வந்து படக்கூடம் நடத்தினார். பிறகு சயாம், கம்போடியா, சீனா எனப் பயணம் செய்தார். சீனாவைப் பற்றி 1873, 1874ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட நான்கு தொகுதிகளில் 200 படங்கள் இருந்தன. அவற்றுக்கான விளக்கங்களையும் அவரே எழுதினார். மலாக்கா நீரிணை வட்டாரத்தில் தாம் கண்டவற்றையும் சேர்த்து 1875ல் ஒரு பயண நூல் வெளியிட்டார். லண்டனில் படக்கூடம் வைத்திருந்த அவரை, 1881ல் விக்டோரியா மகாராணியார் அரச குடும்பத்தின் புகைப்படக் கலைஞராக நியமித்தார்.

எழுத்தால் மட்டுமே அந்தப் பதவி வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அவருடைய படங்களை இன்று பார்க்கும்போது நமக்கு வெறும் முகங்கள் மட்டும் தெரிவதில்லை. அந்த மனிதர் என்ன வேலை செய்தார், எப்படி வாழ்ந்தார் என்பதும் தெரிகிறது. அதற்குக் காரணம் அவர் எழுதி வைத்தது.

எழுதுவதற்கு முன்பு

நம் நாட்டில் 2021 நவம்பர் 21ல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமை படம் எடுத்தவருக்கே. இது நமக்குக் கிடைத்த நல்ல செய்தி. ஆனால், உரிமை நம்மிடம் இருப்பதால் அடுத்தவர் வீட்டு விசேஷத்தை ஊருக்குக் காட்டலாம் என்று எண்ணிவிடக் கூடாது. எந்தப் படங்களை வெளியிடலாம் என்று வேலையை ஒப்புக்கொள்ளும்போதே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் படங்கள் என்றால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம் வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடங்களுக்கும் இணைப்பாட நடவடிக்கைகளுக்கும் நடுவே வாரந்தோறும் எழுத வேண்டியதில்லை. மாதம் ஒரு பதிவு என்றால் பட்டயப் படிப்பின் மூன்றாண்டுகளில் 36 பதிவுகள் சேர்ந்துவிடும். படித்து முடித்து வேலை தேடும்போது அவ்வளவையும் கையில் வைத்திருக்கும் மாணவர் எத்தனை பேர்?

செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லலாமே என்று சிலர் கேட்கலாம். பிழை திருத்த அது உதவும். ஆனால், அந்த வரவேற்பறையில் சன்னல் எந்தப் பக்கம் இருந்தது, பாட்டி எந்த நொடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பது அங்கே நின்ற நமக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர் தேடுவது அதைத்தான்.

எழுத்து மோசமான படத்தை நல்ல படமாக்காது. முதல் வாரத்திலேயே தொலைபேசியும் ஒலிக்காது. பல மாதங்கள் யாருமே படிக்காததுபோல் இருக்கும். ஆனாலும் ஒரு படம் ஏன் நன்றாக வந்தது, ஏன் வரவில்லை என்று எழுதிப் பார்க்கும் பழக்கம் அடுத்த படத்தை மேம்படுத்தும். அந்தப் பலனுக்கு வாசகர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வார இறுதியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நண்பர்கள், திரும்பி வந்ததும் எடுத்தவற்றில் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கே நின்றீர்கள், எதற்காகக் காத்திருந்தீர்கள், எது கைநழுவியது என்று பத்து வரி எழுதுங்கள். உங்கள் முதல் பதிவு அதுவாக இருக்கட்டும்.