மகிழுந்துக்குப் பாதுகாப்புப் பூச்சாம்! பணப்பைக்குப் பாதுகாப்பு யார் தருவார்?



செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய மகிழுந்து வாங்கும்போது, விற்பனையகத்தார் 'கோட்டிங்' என்றும் 'பாதுகாப்புப் பூச்சு' என்றும் பெயரிட்டுக் கூடுதலாக விற்கும் மேற்பூச்சுக்குப் பணம் கொடுக்காதீர். அந்தப் பூச்சில் ஒன்றுமே இல்லை என்பது என் வாதமன்று. அது விற்கப்படும் இடமும், நேரமும், முறையும் நமக்கு எதிராகவே அமைந்துள்ளன என்பதுதான் என் வாதம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியன் மகிழுந்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கணிதப் பாடத்தில் தள்ளுபடி, வட்டி, விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு ஆகியவற்றை நாம்தாம் கற்பிக்கிறோம். அப்படிக் கற்பிக்கும் நாமே, நம் வாழ்வில் வீட்டுக்கு அடுத்த பெரிய செலவைச் செய்யும்போது, விலைப்பட்டியலை ஒருமுறைகூடப் படிக்காமல் கையெழுத்திட்டால், கரும்பலகையில் எழுதிய பாடத்திற்கு என்ன பொருள்?

பூச்சு என்பது என்ன?

ஆலையிலிருந்து வரும் மகிழுந்தின் மேல் ஏற்கெனவே பல அடுக்குகள் உள்ளன. முதலில், வண்டியின் உடல் முழுவதும் தொட்டியில் அமிழ்த்தப்பட்டு, மின்னோட்டத்தின் உதவியால் துருத்தடுப்பு அடுக்கு ஏற்றப்படுகிறது. அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒளி ஊடுருவும் காப்பு அடுக்கு. இவை அனைத்தும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் பருமன் இருக்கும். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, வெயிலையும் மழையையும் தாங்குவதற்கான பாதுகாப்பு அடுக்கு நீங்கள் கொடுக்கும் மகிழுந்து விலையிலேயே அடங்கியிருக்கிறது.

விற்பனையகத்தார் அதற்கும் மேலே பூசுவது, பெரும்பாலும் சிலிக்கா கலந்த ஒரு நீர்மம். காய்ந்தபின் அதன் பருமன் ஏறக்குறைய ஓரிரு மைக்ரோன்தான். நம் தலைமுடி ஒன்றின் பருமனே சுமார் 70 மைக்ரோன் இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேர்மையாகச் சொன்னால், ஒழுங்காகப் பூசப்பட்ட நல்ல பூச்சுக்குப் பயன் உண்டு. மழைநீர் முத்து முத்தாக உருண்டோடும். அழுக்கு எளிதில் ஒட்டாது. கழுவுவது இலகுவாகும். பளபளப்பு கூடுதல் காலம் நிற்கும். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், கூட்டரசு நெடுஞ்சாலையில் முன்னே செல்லும் லோரி எறியும் கல்லை அது தடுக்காது. பிரிக்பீல்ட்சில் துன் சம்பந்தன் சாலையோரம் நிறுத்திய வண்டியை உரசிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியையும் தடுக்காது. கிள்ளான் நகரத்துக் காகங்களின் எச்சத்தைக் கழுவாமல் வெயிலில் காயவிட்டால், பூச்சு இருந்தாலும் தழும்பு விழலாம். கல்லடியைத் தாங்குவதற்கென்று தடித்த ஒளிபுகும் ஒட்டுப்படலம் தனியாக உண்டு. அது வேறு பொருள். அதன் விலையும் வேறு.

'9H' என்னும் மந்திரச்சொல்

விளம்பரத் தாள்களில் '9H கடினம்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். வைரத்திற்கு அடுத்த கடினம் என்றே பலர் எண்ணிக்கொள்கின்றனர். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்பதால் வரும் மயக்கம் இது. 9H என்பது அந்த அளவுகோல் அன்று. அது பென்சில் அளவுகோல்! ஆம், நம் மாணவர்கள் தேர்வில் 2B பென்சில் பயன்படுத்துகிறார்களே, அதே வரிசையின் மறுமுனையில் இருப்பதுதான் 9H.

பூச்சுகளைச் சோதிக்கும்போது, வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை 45 பாகைச் சாய்வில் வைத்து, குறிப்பிட்ட எடையுடன் பூச்சின்மேல் தள்ளிப் பார்ப்பார்கள். 9H பென்சில் கீறவில்லையென்றால் அந்தப் பூச்சு '9H' தகுதி பெறும். அவ்வளவே. பென்சில் முனை காரீயகமும் களிமண்ணும் கலந்தது. மணலோ குவார்ட்ஸ். மோஸ் அளவில் 7. கிள்ளான் துறைமுகச் சாலையில் நம் வண்டியின்மேல் வந்து படிவது பென்சில் தூளன்று, மணல்! அழுக்குத் துணியால் அதைத் தேய்த்தால் கீறல் விழும். ஓர் ஆசிரியரிடமே பென்சிலைக் காட்டி வைரம் என்று விற்க முயல்வதை என்னவென்று சொல்வது?

மாதம் இருபத்து நான்கு வெள்ளி

இனி கணக்கிற்கு வருவோம். பூச்சின் விலை 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 2,000 வெள்ளியை எண்ணி எடுத்துத் தரச் சொன்னால் நம்மில் பலர் தயங்குவோம். ஆகவே விற்பனையாளர் அப்படிக் கேட்பதில்லை. "டீச்சர், கடனோடு சேர்த்துவிடலாம். மாதம் இருபத்து நாலு வெள்ளிகூட வராது!" என்கிறார்.

அவர் சொல்வது பொய்யன்று. நம் நாட்டு வாகனக் கடன்களில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த நிலைவட்டி முறைப்படி கணக்கிடுவோம். ஆண்டுக்கு 3 விழுக்காடு, 9 ஆண்டுத் தவணை என்று கொண்டால்:

- முதல்: 2,000 வெள்ளி
- வட்டி: 2,000 × 3% × 9 = 540 வெள்ளி
- மொத்தம்: 2,540 வெள்ளி
- மாதத் தவணை: 2,540 ÷ 108 = ஏறக்குறைய 23 வெள்ளி 52 சென்

பூச்சுக்குக் கொடுக்கப்படும் உத்தரவாதம் 5 ஆண்டு என்றே கொள்வோம். கடனோ 9 ஆண்டு. அஃதாவது, உத்தரவாதம் முடிந்த பிறகும் நான்காண்டுகள், 48 மாதங்கள், நீங்கள் அந்தப் பூச்சுக்காகப் பணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். அந்த நான்காண்டில் மட்டும் கட்டுவது ஏறத்தாழ 1,129 வெள்ளி. மறைந்துபோன பளபளப்புக்கு இத்தனை வாடகை!

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

அவர்கள் சொல்லும் காரணங்கள்

இதற்கு மறுமொழியாகக் கூறப்படுபவற்றையும் பார்ப்போம்.

'இது இலவசம்' என்பார்கள். உண்மையிலேயே இலவசமானால் மகிழ்ச்சி. ஆனால், இலவசம் என்று சொல்லி வழக்கமான விலைக்கழிவைக் குறைத்துவிடுவது உண்டு. "பூச்சு வேண்டா, அதற்கீடாக விலையைக் குறையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மறுமொழியிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும்.

'5 ஆண்டு உத்தரவாதம் இருக்கிறதே' என்பார்கள். உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆண்டுதோறும் பணம் கட்டிச் சோதனைக்கு வரவேண்டும், பறவை எச்சம், கல்லடி, கீறல், நீர்க்கறை இவற்றுக்குப் பொறுப்பில்லை என்பன போன்ற விதிகள் அங்கே பொடி எழுத்தில் இருக்கக்கூடும். எவற்றுக்கு அஞ்சி நாம் பணம் கட்டினோமோ, அவற்றையெல்லாம் விலக்கிவிட்டால் அது எதற்கு உத்தரவாதம்?

'வண்டி வரும்போதே பூசிவிட்டோம், இனி எடுக்க முடியாது' என்பார்கள். நாம் கேட்காததைச் செய்துவிட்டு அதற்குக் கட்டணம் கேட்பது வணிகமா? முன்பதிவுப் பாரத்தில் நாம் கையெழுத்திடாத எதற்கும் நாம் கடன்பட்டவரல்லர் என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

'பூச்சு போட்டால் வண்டி விரைவாகக் கிடைக்கும்' என்பார்கள். இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. பள்ளி திறப்பதற்குள் வண்டி வேண்டும் என்னும் பெற்றோரின் அவசரத்தை விலைக்கு விற்பது இது. அப்படிச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

சென்ற ஆண்டு, கிள்ளானில் பணியாற்றும் இளம் ஆசிரியை ஒருவர், கையெழுத்திடும் முன்னர் தம் முன்பதிவுப் பாரத்தை என்னிடம் காட்டினார். 'துணைப்பொருள்' என்று ஒரே வரி. அதற்கெதிரே ஒரு தொகை. எவையெவை அதில் அடங்கும் என்று எழுதப்படவில்லை. வரி வரியாகப் பிரித்து எழுதித் தரக் கேளுங்கள் என்றேன். கேட்டார். பிரித்து எழுதியபோது பூச்சு, கண்ணாடிக் கறுப்புப் படலம், தரைவிரிப்பு, துருத்தடுப்பு என்று நீண்டது பட்டியல். படலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கச் சொன்னார். விற்பனையாளரும் நீக்கினார். வண்டியும் சொன்ன நாளில் வந்தது. கேட்டால் குறையும், கேட்காவிட்டால் ஏறும். இவ்வளவுதான் நடைமுறை.

பூசும் முறையும் ஐயத்திற்குரியதே

நல்ல பூச்சுக்கு முன்வேலை அதிகம். வண்டியைக் கழுவி, ஒட்டிய துகள்களை அகற்றி, மென்மையாக மெருகேற்றி, எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்து, அதன்பின்தான் பூசவேண்டும். பூசியபின் நீர்படாமல் காயவிட வேண்டும். இதற்கு ஒரு நாளாவது பிடிக்கும். ஒரே காலைப்பொழுதில் நான்கைந்து வண்டிகளை ஒப்படைக்கும் முற்றத்தில், இத்தனையும் நிகழ்ந்ததா என்று வாங்குபவர் எப்படி அறிவார்? கண்ணாடிபோல் ஒளிரும் புதுவண்டியில் பூசியதற்கும் பூசாததற்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதே!

ஆசைப்பட்டுப் பூச்சுத்தான் வேண்டுமென்றால், வண்டியை எடுத்துச் சில வாரம் ஓட்டிய பின், அதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் இரண்டு மூன்றில் விலை கேளுங்கள். கைப்பணத்தில் செய்யுங்கள். கடனில் ஏற்றாதீர்.

அந்த நேரம் நல்ல நேரமன்று

புதுவண்டி வாங்கும் நேரம் மனிதன் மயங்கியிருக்கும் நேரம். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று பேசிக்கொண்டிருக்கையில் இரண்டாயிரம் சிறுதொகையாகத் தோன்றும். இதை ஆஸ்திரேலிய நாடு உணர்ந்திருக்கிறது. ஒரு பொருளோடு ஒட்டி விற்கப்படும் கூடுதல் காப்புறுதிகளை, அப்பொருளை வாங்கும் அந்த இடத்திலேயே விற்றுவிடக்கூடாது, நான்கு நாள் இடைவெளி வேண்டும் என்னும் விதியை அங்கு 2021 அக்டோபரில் நடைமுறைப்படுத்தினர். மேற்பூச்சு காப்புறுதி அன்றுதான். ஆயினும் அவ்விதியின் பின்னுள்ள அறிவு நமக்கும் உரியது. சட்டம் தராவிட்டால் என்ன? நமக்கு நாமே நான்கு நாள் இடைவெளி விதித்துக்கொள்ளலாமே!

அந்தப் பணத்தை எங்கே வைக்கலாம்?

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மகிழுந்துகள் கூரைவரை மூழ்கிக் கிடந்தன. எந்தப் பூச்சும் அவற்றைக் காக்கவில்லை. வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாக அடங்குவதில்லை, தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்கவேண்டும் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தனர். பூச்சின் விலையோடு ஒப்பிட்டால் அக்கட்டணம் சிறியது. பளபளப்புக்கு ஈராயிரம் கொடுத்துவிட்டு வெள்ளக் காப்பை விட்டுவிடுவது, வாசலுக்குக் கோலமிட்டுக் கதவைத் திறந்துபோட்டுச் செல்வது போலாகும்.

பளபளப்புக்கோ, ஒரு வாளி, வண்டிக்கான சவர்க்கார நீர்மம், நல்ல மென்துணி, ஒரு புட்டி மெழுகு போதும். வாரம் ஒருமுறை கழுவுதல், இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை மெழுகிடுதல், எச்சம் விழுந்தவுடன் ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்தல், இயன்றவரை நிழலில் நிறுத்துதல். ஞாயிறு காலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளைப் பேணும் பழக்கமும் கூடவே வளரும்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

1. துணைப்பொருள்கள் ஒவ்வொன்றின் விலையும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளதா?
2. இதை நீக்கினால் மொத்த விலையும் மாதத் தவணையும் எவ்வளவு குறையும்?
3. பூச்சின் பெயர் என்ன, யார் பூசுகிறார், எத்தனை மணி நேரம்?
4. உத்தரவாதம் எவற்றை விலக்குகிறது? அட்டையை இப்போதே காட்ட முடியுமா?

விடை கிடைக்காவிட்டால் கையெழுத்தும் கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள்.

ஏமாற்றப்பட்டதாக உணர்வோர்க்கு வழி உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வெறும் 5 வெள்ளிக் கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். ஆனால் கையில் ஆவணம் வேண்டும். வெறும் வாய்ப்பேச்சை மெய்ப்பிப்பது கடினம். எனவேதான், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

புதுவண்டியைக் கோயிலுக்குக் கொண்டுசென்று, மாலையிட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். திருஷ்டி கழிப்பதற்கான அந்த நான்கு பழத்திற்குக் கடன் வாங்குவதில்லை, வட்டி கட்டுவதில்லை, ஒன்பதாண்டுத் தவணையும் இல்லை. 'பாதுகாப்பு' என்று சொல்லி ஈராயிரம் கேட்பவரிடமும் அதே கணக்கறிவோடு பேசுவோம்.

'வேண்டா' என்பது நல்ல தமிழ்ச்சொல். விற்பனையகத்தில் அதைத் தயங்காமல் பயன்படுத்துவோம்!