முகம் தெரிந்தது, முழங்கால் தெரியவில்லை



ஊருக்குப் புறப்படும்போது உங்கள் வீட்டில் முதலாவது எடுத்து வைக்கப்படும் பொருள் எது? என் தகப்பனார் காலத்தில் அது தண்ணீர்க் கூஜா. இரண்டாவது, படுக்கை சுருட்டிய ஹோல்டால். மூன்றாவது, பெட்டியை இருக்கையின் காலோடு பிணைக்கும் சங்கிலியும் பூட்டும். அந்தப் பெட்டியில் திருடத்தக்க பொருள் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பூட்டுதான் அதில் விலையுயர்ந்தது! மும்பையில் வண்டி ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். அம்மா மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டிய இட்லிகளோ புனே வருமுன்னரே தீர்ந்துவிடும்.

இன்று என் வீட்டில் முதலாவது எடுத்து வைக்கப்படுவது சார்ஜர். இரண்டாவது, அந்தச் சார்ஜர் பழுதானால் உதவ இன்னொரு சார்ஜர். மூன்றாவது, பவர் பேங்க். பயணச்சீட்டு கைப்பேசிக்குள் இருக்கிறது. பணமும் அடையாள அட்டையும் அதற்குள் இருக்கின்றன. விடியற்காலையில் எழுப்புகிற கடிகாரமும் அதுவே. பசித்தால் விரலால் தொட்டு, அடுத்த நிலையத்தில் இருக்கைக்கே உணவை வரவழைத்துக்கொள்ளலாம். உண்மையில் பயணம் செய்வது கைப்பேசிதான். நான் அதைச் சுமந்து செல்லும் கூலியாள்.

சென்ற கோடையில் அந்த எஜமான் என்னை நடுவழியில் கைவிட்டார். "நன்றாகச் சார்ஜ் ஏறட்டும்" என்று பவர் பேங்கை வீட்டுச் சுவரில் செருகி வைத்தவன், அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது தெரியவந்தபோது வண்டி குண்டக்கல்லைத் தாண்டியிருந்தது. பகல் முழுவதும் திரைப்படம் பார்த்துத் தீர்த்ததால், இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி கண்ணை மூடியது. எங்கள் பகுதியில் வேலை செய்த மின்துளை ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் ஐந்து பேர் வரிசை. ரேஷன் கடையில்கூட நான் அவ்வளவு பொறுமையாக நின்றதில்லை.

கீழ்ப்படுக்கையில் திருநெல்வேலி செல்லும் ஆச்சி ஒருவர் இருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து இரங்கி, பொத்தான் வைத்த தம்முடைய சிறிய போனை நீட்டினார்கள்.

"வீட்டுக்குப் பேசணுமாய்யா? இந்தா, இதுல பேசு."

நன்றியோடு வாங்கிக்கொண்டேன். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு, காலையில் வந்துவிடுவேன் என்று சொல்லவேண்டும். கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது, நின்றபடியே இருந்தது. அம்மாவின் எண் 94 என்று தொடங்குமா, 98 என்று தொடங்குமா? என் கைப்பேசியில் "அம்மா" என்று தொட்டால் அம்மா பேசுவார்கள். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவின் எண் என் கைப்பேசிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது!

இதே நான்தான் ஒரு காலத்தில் இருபது எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவன். இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு பேசப்பட்டது. அதன்பின்னும் பல ஆண்டுகள் நமக்குக் கதி எஸ்.டி.டி. பூத்துதான். கைப்பேசி வைத்திருந்தவர்களும், 2003 வரை, வருகிற அழைப்புக்குக்கூடக் காசு போகும் என்று அஞ்சி எடுக்கத் தயங்கினார்கள். நாமோ இரவு முதிர்ந்து கட்டணம் காற்பங்காகும் வரை காத்திருந்து, ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினோம். கோவில்பட்டியின் 04632ஐயும், அதனோடு சேர்த்து எங்கள் தெருக் கடைக்காரரின் எண்ணையும் இன்றும் தூக்கத்தில் சொல்லுவேன். அந்தக் கடையும் இல்லை, அந்த எண்ணும் இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை; சுருக்குப்பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்துக் காட்டினார்கள். பேரன் எழுதிக் கொடுத்ததாம். எல்லாப் பிள்ளைகளின் எண்களும் பெரிய எழுத்தில் இருந்தன.

வரிசையில் என் முறை வந்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து. சார்ஜரைச் செருகினேன். பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது. தீ விபத்துகளைத் தவிர்க்க இரவு 11 முதல் காலை 5 வரை இத்துளைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தவேண்டும் என்று இரயில்வே 2021இல் வலியுறுத்திய விதியை அன்றுதான் அறிந்தேன். நல்ல விதிதான், ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

எழுப்புகிற கடிகாரமும் இல்லாமல் பயந்துகொண்டே படுத்தேன். பொழுது புலரும் வேளையில் என் காலை யாரோ தட்டினார்கள்.

"எய்யா, சாத்தூர் தாண்டியாச்சு. எந்திரி."

கோவில்பட்டியில் இறங்கி, சட்டைப்பையில் தப்பிக் கிடந்த ஐம்பது ரூபாயில் பேருந்து ஏறினேன். ஒவ்வொரு முறையும் நிலையத்தில் இறங்கியதும் அம்மாவை அழைப்பது என் வழக்கம். நான் போய்ச் சேரும்போது, அம்மா வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்கள். நான் குனிந்து கட்டிக்கொள்ளுவேன். இம்முறை அழைப்பில்லை, வாசலில் நாற்காலியும் இல்லை. கதவு திறந்திருந்தது.

உள்ளே அம்மா அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒரு காலை இழுத்து, பத்தடி தூரத்தை மூன்று இடங்களில் நின்று கடந்தார்கள். முழங்கால் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

"எத்தனை நாளா இப்படிம்மா?"

"பொங்கலுக்கு முந்தியே. நீ அங்கே கெடந்து கவலைப்படுவியேன்னுதான் சொல்லலய்யா."

பொங்கலிலிருந்து அன்றுவரை நான் அம்மாவை வீடியோ அழைப்பில் பார்க்காத இரவில்லை. பாதி நெற்றியும் மேலே சுழலும் மின்விசிறியும் தெரியும். "நல்லாயிருக்கேன்யா" என்பார்கள். நானும் பார்த்துவிட்டேன் என்ற திருப்தியோடு தூங்கப்போவேன். தினமும் பார்க்கிறோமே என்ற எண்ணத்தில்தான் கிறிஸ்துமஸ் பயணத்தையும் கோடைக்குத் தள்ளிவைத்திருந்தேன். அந்த நாற்காலி எனக்கான வரவேற்பு என்று எண்ணியிருந்தேன். இம்முறை நான் அழைத்திருந்தால் அது முழங்காலை மறைத்திருக்கும்.

மூன்று நாள் விடுப்பைப் பத்து நாளாக்கினேன். மருத்துவர் எலும்புத் தேய்மானம் என்றார். முன்னரே வந்திருந்தால் இவ்வளவு வேதனை இராது என்றார். மருந்தும் பயிற்சியும் தொடர்கின்றன. அம்மாவின் எண்ணை இப்போது மனப்பாடமாகச் சொல்லுவேன். மற்ற எண்களை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, கைப்பேசியை எறிந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. இக்கட்டுரையையே அதில்தான் தட்டினேன். ஆனால் இன்று இரவு ஊருக்குப் பேசும்போது, போனை யாரிடமாவது கொடுத்துவிட்டு முற்றத்தில் நாலடி நடந்து காட்டும்படி உங்கள் தாய் தகப்பனிடம் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு?" என்று பதில் வந்தால், அன்றே பயணச்சீட்டு எடுங்கள். நிலையத்தில் இறங்கியதும் போன் செய்யாதீர்கள்.